ஜாக்ஹாமர்க்காரர் பார்த்த சோவியத் துப்பாக்கி

பங்காருப்பேட்டையில் பெரிய பாதையை விட்டுப் பிரிகிற ரயில், கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று சின்னச் சின்ன நிலையங்களைத் தொட்டுக்கொண்டு மாரிகுப்பத்தில் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் கிடையாது. விடிகாலையில் இதே பாதையில் பெங்களூருக்குக் கிளம்பும் வண்டிகளில் கால் வைக்க இடம் கிடைக்காது. சுரங்கம் மூடிய கோலார் தங்கவயலின் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். நான் எதிர்த்திசையில், காலியான பெட்டியில் போனேன். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிற மேடுகள் வந்துகொண்டே இருந்தன. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் அது. நூறாண்டுக்கும் மேலாகக் கொட்டியது மலைத்தொடர் போல நிற்கிறது. 'கே.ஜி.எஃப்.' படத்துக்கு இந்த மேட்டில்தான் செட் போட்டார்கள். இப்போது வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்த மேட்டுக்கு வழியைத்தான்.

உரிகத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நந்திதுர்க் என்றதும் ஓட்டுநர், "எந்த லைன் சார்?" என்றார். இங்கே முகவரி என்பது தெருவும் வீட்டு எண்ணும் அல்ல. எந்தச் சுரங்கம், அதன் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் எந்த லைன், அவ்வளவுதான்.

நந்திதுர்க் சுரங்கத்துக்கு அந்தப் பெயர் தொலைவில் உள்ள ஒரு மலைக்கோட்டையிலிருந்து வந்தது. சிக்கபள்ளாப்பூருக்குப் பக்கத்து நந்தி மலையில் திப்பு சுல்தானின் படை காத்துநின்ற கோட்டையை, 1791 அக்டோபரில் கார்ன்வாலிஸின் படை ஏறிப் பிடித்தது. அதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் லண்டனில் பங்கு விற்ற சுரங்கக் கம்பெனிக்காரர்கள் அந்தப் பெயரை எடுத்துத் தங்கள் குழிக்கு வைத்துக்கொண்டார்கள். இந்த வயலில் கடைசிவரை பெரிதாக ஓடிய மூன்று சுரங்கங்களில் இது ஒன்று. மற்ற இரண்டும் மைசூர், சாம்பியன் ரீஃப். 2001 பிப்ரவரி 28 அன்று மூன்றுக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டார்கள்.

நான் இங்கே வந்தது தங்கத்தைப் பற்றி எழுத அல்ல. சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் சோவியத் தமிழ்ப் புத்தகங்களைத் தேடி வந்தேன். தங்கவயலில் செங்கொடிச் சங்கம் வலுவாக இருந்த காலத்தில் மாஸ்கோவில் தமிழில் அச்சான நூல்கள், என்.சி.பி.எச். புத்தகக் கடைகளின் வழியே மலிவு விலையில் இந்த ஒற்றை அறை வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. 'உண்மை மனிதனின் கதை', 'அதிகாலையின் அமைதியில்' போன்ற போர்க்கால நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள் இங்கே பலர். எனக்குச் சொல்லப்பட்டிருந்த பெரியவர் நந்திதுர்க்கில் பாறை துளைத்தவர். லைன் வீட்டின் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து அவர் மருமகள் ஒரு துணிமூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டிருந்தது. 'சோவியத் நாடு' இதழ்கள் சில மட்டும் தப்பியிருந்தன.

அவற்றில் ஒன்றில் இரண்டாம் உலகப்போர் வெற்றியை நினைவுகூரும் படங்கள். பனியில் குப்புறப் படுத்திருக்கும் ஒரு செம்படை வீரன், அவன் முன்னால் இரண்டு காலில் ஊன்றிய ஒரு துப்பாக்கி, அதன் தலைமேல் தட்டையான வட்டத் தட்டு ஒன்று.

"இன்னா தம்பி இது, கிராமபோன் தட்ட துப்பாக்கி மேல வெச்ச மாதிரி கீது?"

அதையேதான் செம்படை வீரர்களும் சொன்னார்கள். அந்தத் துப்பாக்கிக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் கிராமபோன். எதிரணியில் நின்று ஆயிரக்கணக்கில் இவற்றைக் கைப்பற்றிய பின்லாந்துக்காரர்கள் 'எம்மா' என்றார்கள். அப்போது அங்கே இசைத்தட்டில் புகழ்பெற்றிருந்த ஒரு நடனப் பாட்டின் பெயர் அது. அதிகாரப்பூர்வமான பெயர் டிபி, அதாவது தெக்தியாரோவ் காலாட்படைத் துப்பாக்கி. 1927-ல் செம்படை ஏற்றுக்கொண்டதால் டிபி-27 என்றும் சொல்வார்கள். பெரியவர் விடுவதாக இல்லை. இது எப்படி வேலை செய்கிறது, யார் செய்தது, எல்லாவற்றையும் சொல் என்றார். ஆயுதங்களின் வரலாற்றை நெடுங்காலம் படித்துவருகிறவன் நான். அதை இப்படி ஒரு கேட்பாளரிடம் சொல்லக் கிடைத்ததில்லை.

வசீலி தெக்தியாரோவ் பிறந்தது 1880 ஜனவரியில், ரஷ்யாவின் துலா நகரத்தில். இங்கே சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலுக்குள் கால் வைத்ததும் அந்த ஆண்டையொட்டித்தான். துலா துப்பாக்கித் தொழிலாளர்களின் ஊர். அவர் தந்தையும் தாத்தாவும் அந்தத் தொழில்தான். பதினோரு வயதில் அவரும் ஆயுதத் தொழிற்சாலைக்குள் போனார். பிறகு பட்டாளத்தில் சேர்ந்தபோது, விளாதிமிர் ஃபியோதரோவ் என்ற படித்த பொறியாளரின் கண்ணில் பட்டார். ஃபியோதரோவ் தாளில் வரைவார், தெக்தியாரோவ் அதை இரும்பில் செய்து காட்டுவார். உலகின் முதல் தானியங்கி ரைபிள்களில் ஒன்றான ஃபியோதரோவின் 1916 துப்பாக்கி அப்படித்தான் உருவானது. புரட்சிக்குப்பின் இருவரும் கோவ்ரோவ் என்ற சிற்றூருக்குப் போனார்கள். டென்மார்க்கின் மாட்சன் இயந்திரத் துப்பாக்கியைச் செய்வதற்காகத் தொடங்கிய ஒரு தொழிற்சாலை அங்கே அரைகுறையாக நின்றது.

"பதினோரு வயசா?" என்றார் பெரியவர். அவர் எந்த வயதில் வேலைக்குச் சேர்ந்தார் என்று நான் கேட்டேன். பதில் சொல்லாமல், "மேல சொல்லு" என்றார்.

முதல் உலகப்போரில் ரஷ்யாவிடம் சொந்தமாக ஒரு இலகு இயந்திரத் துப்பாக்கி இல்லை. சக்கரத்தில் உருட்டிச் செல்லும் மாக்சிம் இருந்தது. வண்டியோடு சேர்த்து 60 கிலோவுக்கு மேல். ஓடுகிற காலாட்படையோடு அது ஓடாது. லூயிஸ், மாட்சன் என்று வெளிநாட்டுத் துப்பாக்கிகளை வாங்கிச் சமாளித்தார்கள். புரட்சிக்குப்பின் மாக்சிமையே இளைக்கவைத்து, தண்ணீர் உறையைக் கழற்றிப் பார்த்தார்கள். அப்போதும் கனம் போதிய அளவு குறையவில்லை. தெக்தியாரோவ் தன் துப்பாக்கியை வேறு கணக்கில் தொடங்கினார். கிராமத்திலிருந்து வருகிற, எழுத்து தெரியாத, குளிரில் விரல் மரத்துப்போன ஒரு பையன் இதைக் கழற்றித் துடைத்து மாட்டவேண்டும். பழைய, தேய்ந்த லேத்துகளில் இதைச் செய்தாகவேண்டும். அந்தக் கணக்கு துப்பாக்கியின் ஒவ்வொரு பாகத்திலும் தெரிகிறது. அசையும் பாகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உருளையான பாகங்களே மிகுதி. உருளையை லேத்தில் போட்டுக் கடைந்துவிடலாம், நுட்பமான மில்லிங் வேலை வேண்டாம்.

இயங்கும் விதம் இது. சுடும்போது வெடிமருந்து எரிந்து எழும் வாயுவின் ஒரு பங்கு, குழலின் அடியில் உள்ள சிறு துளை வழியே இறங்கி ஒரு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். பிஸ்டனோடு சேர்ந்த வண்டி பின்னால் ஓடி, காலி உறையைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளிவிட்டு, ஸ்பிரிங்கின் விசையில் முன்னால் வந்து அடுத்த குண்டை ஏற்றும். குண்டு வெடிக்கும் நொடியில் பின்பக்கம் திறந்துகொள்ளக் கூடாது, அதற்கு ஒரு பூட்டு வேண்டும். தெக்தியாரோவின் பூட்டு எளிமையானது. போல்ட்டின் இரு பக்கமும் இரண்டு மடல்கள். சுத்தி ஊசி முன்னால் போகும்போதே அந்த மடல்களைப் பக்கவாட்டில் தள்ளி, சட்டத்தின் பள்ளங்களில் செருகிவிடும். ஆகவே பூட்டு விழாமல் ஊசியால் குண்டை எட்ட முடியாது. மடல் பூட்டு ஸ்வீடன்காரர்கள் முன்பே யோசித்திருந்த ஒன்றுதான். அதைப் போர்க்களத்தில் தாங்கும்படி செய்தவர் தெக்தியாரோவ்.

நான் கைகளால் காட்டிக்கொண்டே சொன்னேன். பெரியவர் இடைமறித்தார்.

"காத்து தள்ளுது, பிஸ்டன் ஓடுது. ஜாக்ஹாமரும் அதான."

அதேதான். அவர் தோளில் வைத்துப் பாறையைத் துளைத்த ஜாக்ஹாமரும் அழுத்தக் காற்றால் ஓடும் பிஸ்டன்தான். நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அது துளைக்கம்பியின் தலையில் அடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் கம்பி கொஞ்சம் திரும்பவேண்டும், இல்லாவிட்டால் அதே இடத்தில் குத்திக்கொண்டிருக்கும். அந்தத் திருப்பலைச் செய்வது உள்ளே இருக்கும் திருகு வரிகள் வெட்டிய ஒரு தண்டு. துப்பாக்கிக் குழலின் உள்ளே குண்டைச் சுழற்றும் வரிகளின் தத்துவமே அது. சுரங்கத்தில் அதற்கு ரைபிள் பார் என்றே பெயர். பெரியவருக்கு அது தெரிந்திருந்தது. எத்தனையோ ரைபிள் பார்கள் தேய்ந்து மாற்றியிருக்கிறாராம். அந்தக் காற்றை அழுத்திய இயந்திரங்களுக்கு மின்சாரம் வந்த வழியும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். உலகில் அன்றைக்கு அவ்வளவு தூரம் போன மின்கம்பிகள் அரிது. பல நகரங்கள் எண்ணெய் விளக்கில் இருந்தபோது, தங்கவயலின் இயந்திரங்கள் காவிரியின் மின்சாரத்தில் ஓடின.

பிறகு தட்டைப் பற்றிக் கேட்டார். ஏன் அது மேலே? ஏன் வட்டம்?

ரஷ்யாவின் 7.62 மி.மீ. குண்டுக்கு அடியில் விளிம்பு இருக்கும். 1891-ல் ஒரு சாதாரண ரைபிளுக்காக வடிவமைத்தது அது. பெட்டி மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் விளிம்பு விளிம்பில் மாட்டிக்கொள்ளும். தெக்தியாரோவ் குண்டுகளைத் தட்டில் ஒரே அடுக்காக, கூர்முனை நடுவை நோக்கிப் படுக்கவைத்தார். ஒரு தட்டில் 47 குண்டுகள். அதற்கு முந்தைய லூயிஸ் துப்பாக்கியிலும் தட்டுதான். அதைச் சுற்றவைத்தது துப்பாக்கியின் இயக்கமே, ஆகவே அந்தப் பளு துப்பாக்கியின்மேல் விழுந்தது. டிபியின் தட்டு தனக்குள்ளேயே ஒரு ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு தானே சுற்றும். துப்பாக்கி நிதானமாக, நிமிடத்துக்கு 500, 600 குண்டு வேகத்தில் சுட்டது. படுத்துச் சுடும்போது கீழே நீட்டிக்கொண்டு மண்ணில் இடிக்கும் மேகசின் இல்லை என்பதும் ஒரு வசதி.

ஆனால் அந்தத் தட்டு பெரிது, மெல்லிய தகடு, விழுந்தால் நசுங்கும். ஒவ்வொரு குண்டாகத் திணித்து நிரப்ப நேரம் பிடிக்கும். 47 குண்டு என்பது சில நொடிகளில் தீர்ந்துவிடும். "அப்ப அந்தத் தட்டுகள யாரு தூக்குவாங்க?" என்று கேட்டார் பெரியவர். துப்பாக்கிக்காரனோடு எப்போதும் இன்னொருவன் போகவேண்டும், தட்டுப் பெட்டியைச் சுமந்துகொண்டு. துப்பாக்கி தட்டோடு சேர்ந்து 11 கிலோவுக்கு மேல். பெரியவர் தலையை ஆட்டினார். ஜாக்ஹாமருக்கும் ஒரு கையாள் உண்டு. துளை போடுகிறவனைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், ஹோஸையும் கம்பியையும் இழுத்துக்கொண்டு கூட நின்றவனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள் என்றார்.

"அந்த ஸ்பிரிங்கு எங்க இருக்குது?"

குழலுக்கு அடியில், பிஸ்டன் தண்டைச் சுற்றி என்றேன்.

"சூடு ஏறுமே. சூட்டுல ஸ்பிரிங்கு நிக்காதே தம்பி."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. டிபியின் மிகப் பெரிய குறை அதுதான். தொடர்ந்து சுட்டால் குழல் சுடும், குழலின் சூடு கீழே இருக்கும் ஸ்பிரிங்குக்கு இறங்கும், ஸ்பிரிங் முறுக்கு தளரும், துப்பாக்கி நின்றுவிடும். மாஸ்கோவின் வாசலிலும் ஸ்டாலின்கிராடிலும் பையன்கள் அந்தக் குறையோடுதான் சண்டை போட்டார்கள். 1944-ல்தான் திருத்திய டிபிஎம் வந்தது. அதில் ஸ்பிரிங்கைக் குழலடியிலிருந்து எடுத்து, சட்டத்தின் பின்பக்கம் ஒரு குழாயில் வைத்தார்கள், கைப்பிடியும் சேர்த்தார்கள். பதினேழு ஆண்டு கழித்து வந்த அந்தத் திருத்தத்தின் காரணத்தை, நந்திதுர்க்கில் பாறை துளைத்தவர் ஒரு படத்தையும் என் வாய்ச்சொல்லையும் வைத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையே 60 டிகிரியைத் தாண்டிச் சுடும் வயல் இது. இரும்பும் சூடும் ஒன்றையொன்று என்ன செய்யும் என்பதை இவர்களைவிட யார் அறிவார்?

அதற்குப்பின் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். 1944-லேயே தெக்தியாரோவ், புதிய குட்டைக் குண்டுக்காக ஆர்பிடி என்ற துப்பாக்கியை வடிவமைத்தார். தட்டு போய், உருண்டைப் பெட்டிக்குள் சுருட்டிய 100 குண்டுப் பட்டி வந்தது, எடை ஏழரைக் கிலோவுக்கு இறங்கியது. மடல் பூட்டு மட்டும் அப்படியே இருந்தது. 1940-ல் சோஷலிச உழைப்பின் வீரர் விருதை, ஸ்டாலினுக்கு அடுத்து இரண்டாவது ஆளாகப் பெற்றவர் தெக்தியாரோவ். 1949-ல் இறந்தார். 1961-ல் கலாஷ்னிகோவின் ஆர்பிகே வந்து ஆர்பிடியை ஓரங்கட்டியது. ஏ.கே. துப்பாக்கியையே குழல் நீட்டி, கனம் கூட்டி, கால் வைத்துச் செய்தது அது. எடை ஐந்து கிலோவுக்கும் குறைவு. ஏ.கே. பழகியவன் புதிதாக எதுவும் கற்கவேண்டியதில்லை. சுடும் வலுவில் ஆர்பிகே தன் முன்னோடியைவிடக் கீழேதான் என்பது என் எண்ணம். பட்டியிலிருந்து மறுபடி மேகசினுக்குப் போனது முன்னேற்றம் அல்ல. ஆனால் பெரும் படைகளை நடத்துகிறவர்கள் ஒரு துப்பாக்கியின் வலுவைவிட, எல்லாருக்கும் ஒரே பயிற்சி, ஒரே உதிரிபாகம் என்பதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

பேச்சு இங்கே வந்தபோது பக்கத்து லைனிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூர் அல்சூரில் இருக்கும் அந்தப் படைப்பிரிவுக்குத் தங்கவயலிலிருந்து போனவர்கள் நிறையப் பேர். 1987-ல் இந்திய அமைதிப் படையோடு யாழ்ப்பாணம் போனவர். துப்பாக்கி என்றதும் அவர் முதலில் தயங்கினார். பிறகு சொன்னார்: "நம்ம கையில எஸ்.எல்.ஆர்., இருபது குண்டு. எல்.எம்.ஜி.ன்னு பிரென்ன மாத்தி வெச்சது. நல்ல துப்பாக்கிதான் சார், குறி தப்பாது. ஆனா எதிர்ல கலாஷ்னிகோவ். சந்துக்குள்ள, தென்னந்தோப்புல எவன் சீக்கிரம் சுடறானோ அவன்தான்." இந்தியப் படை அந்த அனுபவத்துக்குப்பின் அவசரமாக ஏ.கே. துப்பாக்கிகளை வாங்கியதும், தொண்ணூறுகளில் இன்சாஸ் துப்பாக்கி வந்ததும், ரைபிளையும் எல்.எம்.ஜி.யையும் ஒரே குடும்பமாகச் செய்யும் ஆர்பிகேயின் யோசனையை இன்சாஸ் எடுத்துக்கொண்டதும் பதிவான வரலாறு. அவர் சொன்னதில் பதிவாகாத ஒன்று இருந்தது. எதிரே கத்துகிறவர்கள் தமிழில் கத்தினார்களாம். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மூன்று ஆண்டில் இந்தியத் தரப்பில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். தமிழ் மக்கள் எத்தனை பேர் என்பதை ஒரே எண்ணில் சொல்ல எவராலும் முடியவில்லை.

துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அது யாரை நோக்கி நீண்டது என்பதை விட்டுவிடுகிறார்கள். நந்திதுர்க்கில் உட்கார்ந்து அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. வெள்ளையர் காலத்தில் தங்கவயலுக்கென்றே துணைப்படையின் கோலார் தங்கவயல் பட்டாலியன் என்று ஒன்று இருந்தது. அதில் சேர ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் மட்டுமே இடம். சுரங்கத்தின் மேலதிகாரிகளே சீருடை போட்டால் பட்டாளம். கீழே வேலை செய்த தமிழர்களின் கையில் துளைக்கம்பியும் மண்வெட்டியும்தான். அவர்கள் வடஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் தலித் மக்கள். 1946 நவம்பர் 4 அன்று போராடிய தொழிலாளர்கள்மேல் போலீஸ் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். அந்த நாளைத் தியாகிகள் நாளாக இன்றும் நினைவுகூர்கிறார்கள். பெரியவர் வீட்டில் 'சோவியத் நாடு' இதழ் பத்திரமாக இருந்ததற்குக் காரணம் அந்த நவம்பரில் இருக்கிறது. தொழிலாளியின் மகன் ஆயுத வடிவமைப்பாளனாகி நாட்டின் உயர்ந்த விருதைப் பெறும் தேசம் ஒன்று உண்டு என்பது, ஆறு பிணங்களைத் தூக்கிய இந்த லைன்களுக்கு எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும்! அந்தத் தேசத்துக்குள் என்னென்ன நடந்தது என்பது பின்னால் தெரிந்தது. அதனால் அன்றைய நம்பிக்கை பொய்யாகிவிடாது.

ஜாக்ஹாமர் யாரையும் சுடவில்லை. ஆனாலும் அது கொன்றது. கெட்டியான பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்கா தூள் நுரையீரலில் படிந்து அதைக் கல்லாக்கும். அமெரிக்காவில் லேனர் என்பவர் 1890-களில், துளைக்கம்பியின் நடுத்துளை வழியே காற்றை ஊதித் தூளை வெளியேற்றும் ஓர் இயந்திரத்தைச் செய்தார். அது கிளப்பிய தூளில் தொழிலாளர்கள் மாண்டார்கள். விதவையாக்கி என்று அதற்கு அவர்களே பெயர் வைத்தார்கள். அவர் அதையே மாற்றி, காற்றுக்குப் பதில் தண்ணீர் போகும்படி செய்தார். தூள் சேறாகி வழிந்துவிடும். தீர்வு அவ்வளவு எளிது. ஆனால் தங்கவயலில் 1940-களில் மருத்துவர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. தெக்தியாரோவ் தன் இயந்திரத்தைப் பிடிக்கப்போகிறவனின் விரலை நினைத்து வடிவமைத்தார். இங்கே இயந்திரம் பாறையை நினைத்துச் செய்யப்பட்டது, பிடித்தவன் எண்ணிக்கையில் வரவில்லை. மனிதனைக் கொல்லச் செய்த கருவியில் அதை ஏந்துகிறவன்மேல் அவ்வளவு அக்கறை, செல்வம் எடுக்கச் செய்த கருவியில் அந்த அக்கறை இல்லை. இதை எனக்கு ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மாலையில் அவரோடு மெதுவாக நடந்து, சுரங்கக் குழியின் மேல் நிற்கும் ஹெட்கியர் தெரியும் இடம்வரை போனேன். மூச்சு வாங்குவதால் அடிக்கடி நின்றார். பேரன் பெமலில் ஒப்பந்த வேலை செய்கிறானாம். 1964-ல் தொடங்கிய அந்தப் பொதுத்துறை நிறுவனம்தான் சுரங்கம் போனபின் இந்த ஊரைக் கொஞ்சமாவது தாங்கிப் பிடிக்கிறது. டி-90 டாங்கிகளின் முன்னால் மாட்டி, புதைத்த கண்ணிவெடிகளை உழுது ஒதுக்கும் கலப்பைகள் 1,512 செய்து தர 2020 ஜூலையில் பெமலோடு பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் போட்டது. அந்த டாங்கிகள் ஆவடியில் உருவாகின்றன. அவற்றின் கூரைமேல் நிற்கும் 12.7 மி.மீ. சோவியத் பரம்பரைத் துப்பாக்கியைத் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை செய்கிறது. டாங்கியின் பெரிய பீரங்கிக்குப் பக்கத்தில் இணைந்திருக்கும் சிறிய இயந்திரத் துப்பாக்கி கலாஷ்னிகோவ் வடிவமைத்தது. போர்க்கால டி-34 டாங்கியில் அந்த இடத்தில் இருந்தது தெக்தியாரோவின் டிபி, டாங்கிக்கென்று தட்டை மூன்றடுக்காக்கியது. துப்பாக்கி மாறிவிட்டது, குண்டு மாறவில்லை. 1891-ல் வடிவமைத்த, விளிம்பு வைத்த அதே 7.62 மி.மீ. குண்டுதான் ஆவடியில் உருவாகும் டாங்கிக்கும் போகிறது. எந்த விளிம்புக்காகத் தெக்தியாரோவ் தட்டைத் தேர்ந்தெடுத்தாரோ, அந்த விளிம்பு அவரையும் அவர் தேசத்தையும் தாண்டி இன்னும் உயிரோடு இருக்கிறது.

கோவ்ரோவில் தெக்தியாரோவ் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம் என்று சொன்னேன். நந்திதுர்க்கில் துளை போட்டவர்களுக்கு, அவர்கள் பிடித்த இயந்திரங்களுக்கு அப்படி ஓர் இடம் வேண்டும் என்பது என் தீராத ஆசை. ஒரு பழைய கம்ப்ரசர், ஒரு கேஜ், காற்று ஹோஸ், வரி தேய்ந்த ரைபிள் பார். இவை துருவாகிப் போவதற்குள் யாராவது எடுத்துவைக்கவேண்டும்.

"மெஷின மட்டும் வெச்சா எப்டி?" என்றார். "எக்ஸ்ரே படம் எல்லார் வீட்லயும் கீது. அதையும் வெக்கச் சொல்லு. தண்ணி போற கம்பி ஒண்ணு, தண்ணி போவாத கம்பி ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல வெக்கச் சொல்லு. பாக்கறவனுக்கு வித்தியாசம் தெரியணும்."

ஹெட்கியரின் சக்கரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பும் வழியில் மறுபடி துப்பாக்கிக்கு வந்தார். ஸ்பிரிங் புரிந்துவிட்டது, தட்டு புரிந்துவிட்டது, அந்த இரண்டு மடல்களும் திரும்ப உள்ளே மடங்குவது எப்படி என்பது மட்டும் பிடிபடவில்லையாம். வண்டி பின்னால் வரும்போது அதன் சாய்ந்த விளிம்புகள் மடல்களை உள்ளே இழுக்கும் என்று சொன்னேன். சமாதானம் ஆகவில்லை.

"வாயால சொன்னா ஏறாது தம்பி. பக்கவாட்டுல வெட்டின மாதிரி படம் இருக்கும் இல்ல, அத பேரன் போனுக்கு அனுப்பு. பெருசா அனுப்பு, கண்ணு சரியா தெரியல."

உரிகம் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோதே அனுப்பினேன்.